எந்த எட்டு விளக்கு?

"டீச்சர், என் பலகையில எழுத்து விழுது. முகம் விழமாட்டேங்கு."

மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் சவரிராயன் சொல்லிவிட்டார்.

நாச்சியார் நிமிர்ந்து பார்த்தார். "உட்காருங்க அண்ணாச்சி."

"உட்கார வரல. பதில் வாங்க வந்தேன்."

"நின்னுக்கிட்டே வாங்கினா கனமா இருக்கும்."

சவரிராயன் உட்கார்ந்தார்.

அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கப்பல்களில் மின்பொறியாளராக உலகம் சுற்றிவிட்டு, சொந்த ஊரான உப்பங்கரைக்குத் திரும்பியிருந்தார். நாச்சியாருக்கு அவருடைய மகள் வயது. கைப்பேசிப் படங்களுக்கு ஃபில்டர் எழுதிப் பெயர் வாங்கியவர். பக்கத்து டவுனில், எண்ணெய்க்கடை மாடியில் வகுப்பு நடத்திவந்தார். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லமாட்டார், ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள்.

"என்ன பலகை?"

"மாதா திருவிழாவுக்கு நான் செஞ்சது. கழிச்சுப்போட்ட பஸ் பெயர்ப்பலகை எல்லாத்தையும் வாங்கி ஒண்ணாச் சேர்த்தேன். ரெண்டு மாடி உயரம். ஆயிரக்கணக்குல குட்டிக்குட்டி விளக்கு. ஒவ்வொண்ணும் எரியும், இல்லேன்னா அணையும். நடுவுல ஒண்ணும் கிடையாது."

"எழுத்துதான் விழுதே. முகம் எதுக்கு?"

"திருவிழாக் கூட்டத்துல ஆள் தொலையுது டீச்சர். மைக்ல கத்துதோம். 'நீலச்சட்டை போட்ட பையனைக் காணோம்'னு. மைதானத்துல பாதிப்பேர் நீலச்சட்டை. முகத்தைக் காட்டிட்டா?"

நாச்சியார் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன செஞ்சு பார்த்தீங்க?"

"படத்துல வெளிச்சம் பாதிக்கு மேல இருந்தா விளக்கை எரியவிட்டேன். கீழ இருந்தா அணைச்சேன். எங்க மாதா கோயில் பங்குச்சாமியார் படத்தைப் போட்டேன். நெத்தியும் மூக்கு நுனியும் எரிஞ்சுது. மிச்சமெல்லாம் இருட்டு. சாமியார் பார்த்துட்டு, 'என்ன சவரி, நான் செத்துட்டேனா'ன்னு கேட்டார்."

நாச்சியார் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு அரைவெளிச்சம் வேணும்."

"ஆமா. என் விளக்குக்கு அது தெரியாதே."

"ஒரு விளக்குக்குத் தெரியாது. பதினாறு விளக்கைச் சதுரமா அடுக்குங்க. எட்டை எரியவிடுங்க, எட்டை அணைச்சிடுங்க. தூரத்துல நின்னு பார்த்தா?"

சவரிராயன் கண்ணை மூடிப் பார்த்தார். கண்ணைத் திறந்தபோது முகம் மாறியிருந்தது.

"அரைவெளிச்சம்! டீச்சர், அரைவெளிச்சம்! நாலு எரிஞ்சா கால்வெளிச்சம். பன்னிரண்டு எரிஞ்சா முக்கால்!"

எழுந்தேவிட்டார்.

"அண்ணாச்சி."

"சொல்லுங்க."

"எந்த எட்டு?"

"எந்த எட்டா இருந்தா என்ன? எட்டுன்னா எட்டுதானே!"

"சரி. போய்ப் பாருங்க."

*

அவர் திரும்பி வந்தபோது படிகளில் மெதுவாக ஏறினார்.

"மேலேயிருந்து வரிசையா எட்டை எரியவிட்டேன். சாமியார் ஜெயில் கம்பிக்குப் பின்னால நிக்கிற மாதிரி ஆயிட்டார்."

"அப்புறம்?"

"வரிசையே வேண்டாம்னு குத்துமதிப்பா அங்கொண்ணு இங்கொண்ணு எரியவிட்டேன். மணலை வாரி அவர் முகத்துல அடிச்ச மாதிரி ஆயிட்டு. ஒரு பக்கம் கட்டிகட்டியா வெளிச்சம். ஒரு பக்கம் பொத்தல்."

சவரிராயன் நாற்காலியில் சாய்ந்தார்.

"நீங்களே சொல்லிடுங்க டீச்சர். எந்த எட்டு?"

"உங்க ஊர்க் கடற்கரையில சாயங்காலம் ஆள் வருமா?"

"வரும். பாய் கொண்டுவந்து விரிச்சு உட்காருவாங்க."

"முதல் ஆள் வர்றதுக்கு முன்னாடி போயிடுங்க. உயரமான இடத்துல ஏறிக்கோங்க. வர்றவங்க எங்கே உட்கார்றாங்கன்னு பாருங்க."

"பார்த்து?"

"அடுத்து வர்றவர் எங்கே உட்காருவார்னு உங்களால சொல்ல முடியும்போது இறங்குங்க."

சவரிராயனுக்குச் சுருக்கென்றது. எத்தனை துறைமுகம் பார்த்தவர். கடற்கரையில் ஆள் உட்காருவதைப் பார்க்கவா அவரை அனுப்புவது?

ஆனாலும் போனார்.

*

மீன் ஏலக்கூடத்துக்கு மொட்டைமாடி உண்டு. அதில் ஏறி நின்றுகொண்டார். கீழே மணல் துடைத்துவிட்டது போல வெறுமையாகக் கிடந்தது.

முதலில் ஒரு புதுமணத் தம்பதி வந்து வடக்கு ஓரத்தில் பாய் விரித்தார்கள்.

அடுத்து ஒரு குடும்பம். அத்தனை மணல் கிடக்க, தெற்கு ஓரம்வரை நடந்துபோய் உட்கார்ந்தது.

மூன்றாவதாகக் கல்லூரிப் பெண்கள் கூட்டம் ஒன்று. இரண்டு ஓரத்தையும் பார்த்தது. இரண்டுக்கும் எட்டாத இடத்துக்குப் போனது.

கீழேயிருந்து சுண்டல் விற்கும் அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "அண்ணாச்சி, யாரத் தேடுதிய?"

"அடுத்த ஆள் எங்க உட்காருவான்னு பாக்கேன்."

"வெயில்ல நிக்காதிய. இறங்குங்க."

அவர் இறங்கவில்லை. ஒரு முதியவர் தனியாக வந்தார். சவரிராயன் தனக்குள்ளேயே சொன்னார்: மணலில் ஏற்றிவைத்திருக்கும் அந்தப் படகுக்கு இந்தப் பக்கம்.

முதியவர் மெதுவாக நடந்து, படகுக்கு இந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.



அடுத்த குடும்பம் வந்தது. விரல் நீட்டினார். அவர் விரல் காட்டிய இடத்தில் பாய் விரிந்தது. இன்னொரு கூட்டம். மறுபடியும் விரல். மறுபடியும் பாய்!

"ஏய்!" என்று தன்னை அறியாமல் கத்தினார்.

"என்ன அண்ணாச்சி?" என்றாள் சுண்டல்காரி.

"எல்லாரும் எல்லாரையும் விட்டுத் தள்ளி உட்காருதான்!"

"பின்னே? அடுத்தவன் மடியிலயா உட்காருவான்?"

அவர் ஏணியில் பாதி இறங்கி, மீதியைக் குதித்து, அப்படியே பஸ் பிடித்தார்.

*

வகுப்பு முடிந்து நாச்சியார் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பூட்டாதீங்க! எரியிற விளக்கு ஒவ்வொண்ணும், ஏற்கெனவே எரியிற விளக்கு எல்லாத்தையும் விட்டுத் தள்ளி எரியணும். அப்போ எங்கயும் கட்டி விழாது. எங்கயும் பொத்தல் விழாது!"

நாச்சியார் கதவைத் திறந்தார். சாக்பீஸை நீட்டிவிட்டு உட்கார்ந்தார்.

சவரிராயன் கரும்பலகையில் ஒரு சதுரம் போட்டு நாலாகப் பிரித்தார். மேலே இடப்பக்கம் ஒன்று என்று எழுதினார். அதற்கு எதிர்மூலையில் இரண்டு. மேலே வலப்பக்கம் மூன்று. மீதிக் கட்டத்தில் நாலு.

"நாலு விளக்குக்கு இதுதான் வரிசை."

"பதினாறுக்கு?"

பெரிய சதுரம் போட்டார். பதினாறு கட்டம். ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளித் தள்ளி எழுதிக்கொண்டே போனார். ஏழில் தடுமாறினார். எட்டில் இரண்டு எண்கள் ஒட்டிக்கொண்டன. அழித்தார். மறுபடி எழுதினார். மறுபடி ஒட்டின.

"கடற்கரையில சரியா வந்துச்சே!"

நாச்சியார் எழுந்து வந்தார். பதினாறு கட்டத்தின் நடுவே, குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் அழுத்தி இழுத்தார். இப்போது நாலு பெரிய கட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு சிறிய கட்டங்கள்.

"நாலு வீடு. வீட்டுக்கு நாலு அறை. முதல் ஆள் எங்கே?"

"முதல் வீட்டுல முதல் அறை."

"ரெண்டாம் ஆள்?"

"அதே வீட்டுல எதிர்மூலை அறை."

"மூணு வீடு காலியாக் கிடக்கு அண்ணாச்சி."

சாக்பீஸ் காற்றில் நின்றது.

"எதிர்மூலை வீட்டுக்குப் போவான்!" என்றார் சவரிராயன். "அங்க போய் முதல் அறை. மூணாவது ஆள் மூணாவது வீட்டுக்கு. நாலாவது ஆள் நாலாவது வீட்டுக்கு. எல்லா வீட்டுலயும் ஒரு ஆள் இருக்கான்."

"அஞ்சாம் ஆள்?"

"அஞ்சாம் ஆள் திரும்ப முதல் வீட்டுக்கு வருவான். ஆனா அறை வேற. எதிர்மூலை அறை!"

அதன்பிறகு அவர் கை நிற்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு. வீடு மாறி வீடு. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த அறை. ஒன்பது முதல் பன்னிரண்டு ஒரு சுற்று. பதின்மூன்று முதல் பதினாறு ஒரு சுற்று. எண்கள் தாமாகவே வந்து கட்டங்களில் இறங்கின. அடுத்தடுத்த எண்கள் எதுவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் ஒட்டவில்லை.

முதல் எட்டு எண்களை மட்டும் வட்டமிட்டார். சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டு ஒன்று நின்றன.

"இந்த எட்டு!" என்று கத்தினார். "டீச்சர், இந்த எட்டு!"

எண்ணெய்க்கடைக்காரர் கீழேயிருந்து எட்டிப்பார்த்தார்.

"இன்னும் பெருசா வேணும்னா?" என்றார் நாச்சியார்.

"இந்தப் பதினாறையும் ஒரு வீடாக்கிடுவேன். அந்த மாதிரி நாலு வீடு. அதே வரிசை. அதுக்கும் மேல வேணும்னா அதையும் ஒரு வீடாக்கிடுவேன். டீச்சர், நாலு கட்டம் கையில இருந்தா ஒரு ஊரையே கட்டிடலாம்! நான் கையால எழுத வேண்டாம். புரோகிராமே எழுதிக்கும்!"

"சரி, நம்பர் வந்துட்டு. விளக்கு எப்படி எரியும்?"

"இந்தச் சதுரத்தைத் தரையில ஓடு பதிக்கிற மாதிரி பலகை முழுக்கப் பதிக்கணும். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நம்பர் கிடைச்சிரும். ஒண்ணாம் நம்பர் விளக்கு கொஞ்சம் வெளிச்சத்துக்கே எரியும். பதினாறாம் நம்பர் விளக்கு முழு வெளிச்சம் வந்தாத்தான் எரியும். அவ்வளவுதான்!"

நாச்சியார் சாக்பீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பஸ் போயிடும். கிளம்புங்க."

*

பங்குச்சாமியாரின் முகம் பலகையில் விழுந்தது. கன்னத்துக் குழி விழுந்தது. கண்ணாடிச் சட்டம்கூட விழுந்தது.

"உயிர் வந்துட்டுப்பா," என்றார் சாமியார்.

ஆனால் மைக் பார்த்துக்கொள்ளும் தாசன் பலகைக்கு அருகில் போய் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன சவரியண்ணே, கிட்ட வந்தா வெறும் சல்லடையா இருக்கு?"

சவரிராயன் அருகில் போய்ப் பார்த்தார். சல்லடைதான். எரியும் புள்ளி, எரியாத புள்ளி. முகமே இல்லை.

அது அவரை அரித்தது. நாச்சியாருக்குப் போன் போட்டார்.

"புள்ளி தெரியுது டீச்சர். புள்ளியைத் தெரியாம ஆக்கணும். அதுக்கு என்ன செய்ய?"

"திருவிழா என்னைக்கு?"

"வர்ற ஞாயிறு சப்பரம்."

"வர்றேன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

*

ஞாயிறு. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சப்பரம் கோயில் வாசலைத் தாண்டிவிட்டது. பேண்டு வாத்தியம், வாணம், வளையல் கடை, பஞ்சுமிட்டாய். மைதானத்தில் மணல் தெரியவில்லை. மைதானம் முடியும் இடத்தில் கடல்.

பலகையின் அடியில் ஒரு மேசை. மேசையில் சவரிராயனின் லேப்டாப்பும் தாசனின் மைக்கும். நாச்சியார் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"என் பிள்ளையக் காணோம்! இப்பத்தான் கையப் பிடிச்சிருந்தா. வாணம் விட்டாங்க, கூட்டம் தள்ளிச்சு, கை விட்டுப்போச்சு!"

"பதறாதம்மா. உன் பேரு?" என்றார் தாசன்.

"அமலி."

"பிள்ளை பேரச் சொல்லு. இப்பமே கூப்பிடுதேன். குரல் கேட்டு வந்துருவா."

"சகாயா. கூப்பிட்டா வரமாட்டாய்யா. பிறவியிலேயே காது கேட்காது. வாய் பேசவும் வராது."

தாசனின் கை மைக்கோடு கீழே இறங்கியது.

"என்ன உடுப்பு?"

"மஞ்சக் கவுன்."

மூவரும் மைதானத்தைப் பார்த்தார்கள். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு எத்தனையோ பிள்ளைகள் மஞ்சள் கவுனில் வந்திருந்தார்கள்.

"போட்டோ இருக்கா தாயி?" என்றார் சவரிராயன்.

அமலி கைப்பேசியை எடுத்துத் தப்பான இடத்தையே தட்டிக்கொண்டிருந்தாள். அவரே வாங்கித் திறந்தார். ஐந்தாறு வயதுப் பெண்குழந்தை. கறுப்பு முகம். முருங்கைமர நிழலில் எடுத்த படம். பழைய முறையில் போட்டிருந்தால் ஒரு விளக்குகூட எரிந்திருக்காது.

படத்தை லேப்டாப்பில் ஏற்றினார். முகத்தை வெட்டி எடுத்தார். எண்கள் பதிந்த சதுரத்தை அதன்மேல் ஓடவிட்டார். திரையில் புள்ளிகள் வந்தன.

"கன்னத்துல புள்ளி தட்டுது. ஒரு நிமிஷம். கொஞ்சம் நைசாக்கிடுதேன்."

"போடுங்க அண்ணாச்சி," என்றார் நாச்சியார்.

"அரைகுறையாப் போட்டா யாருக்கு டீச்சர் அடையாளம் தெரியும்? ஒரே நிமிஷம்."

நாச்சியார் எழுந்து வந்தார். அவர் கைக்கு மேலாகக் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினார்.

தலைக்கு மேலே இரண்டு மாடி உயரத்துக்கு விளக்குகள் எரிந்தன.

அமலி அண்ணாந்து பார்த்தாள். "எங்க? எங்கய்யா என் பிள்ளை? வெறும் புள்ளியால்லா இருக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சவரிராயனும் பார்த்தார். அவருக்கும் புள்ளிகள்தான் தெரிந்தன. 

"டீச்சர்..."

நாச்சியார் அங்கே இல்லை. அமலியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பலகைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார். வளையல் கடை தாண்டி, மிட்டாய்க் கடை தாண்டி ஓடினார். பிறகு நின்று, அமலியின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

அந்த அலறல் பேண்டு வாத்தியத்தையும் மீறி மேசைவரை கேட்டது.

"சகாயா!"

தாசன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "எல்லாரும் பலகையப் பாருங்க! இந்தப் பிள்ளையத்தான் தேடுதோம்! அவளுக்குக் காது கேட்காது! பக்கத்துல இருக்காளான்னு பாருங்க!"

பேண்டு நின்றது. சப்பரம் தூக்கியவர்கள்கூட நின்றார்கள். மைதானம் முழுக்க முகங்கள் பலகையை நோக்கித் திரும்பின. எல்லார் முகத்திலும் பலகையின் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. ஆள்கள் குனிந்து தங்கள் காலடியில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்கள். மறுபடி பலகையைப் பார்த்தார்கள்.

சவரிராயன் மேசைமேல் ஏறி நின்றார். அந்த மைதானத்தில் பலகையில் முகத்தைப் பார்க்க முடியாதவர்கள், அதன் அடியில் நின்ற அவரும் தாசனும் மட்டும்தான். அதனால் அவர் கூட்டத்தைப் பார்த்தார்.

எல்லாரும் அசையாமல் நின்றார்கள்.

ஒரு மஞ்சள் கவுன் மட்டும் அசைந்தது.

மேசைக்குக் கொஞ்ச தூரத்தில், கயிறு கட்டிய ஓரத்தில், அது பலகையைப் பார்த்து ஓடிவந்தது. நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. திரும்பாமல் அப்படியே பின்னால் நடந்தது. கையைத் தட்டிச் சிரித்தது. மறுபடி முன்னால் ஓடிவந்தது. மறுபடி நின்றது. உதட்டைச் சுழித்தது. மறுபடி பின்னால்.

"தாசா!" என்று சவரிராயன் கத்தினார். "அங்க பாரு! கிட்ட வந்தா பலகையில காணாமப் போறா, தள்ளிப் போனா வந்துருதா! அவளே அதைக் கண்டுபிடிச்சிட்டா, தாசா!"

மேசையிலிருந்து குதித்தார். கயிற்றைத் தாண்டினார். மணலில் விழுந்து எழுந்தார்.

குழந்தை அவரைப் பார்த்துப் பயப்படவில்லை. அவர் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். பலகையைக் காட்டினாள். தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு அவரைப் பலகைக்கு அருகில் இழுத்துப்போய், இரண்டு கைகளையும் வெறுமையாக விரித்தாள்.

எங்கே போனேன்?

சவரிராயன் வாயைத் திறந்தார். எண்கள் ஞாபகம் வந்தன. வீடும் அறையும் ஞாபகம் வந்தன. காது கேட்காத பிள்ளையிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

பழக்கத்தில் நாச்சியாரைத் தேடினார். கூட்டத்தின் மறுகோடியில் அவர் தலை தெரிந்தது. பதில் சொல்லும் தூரத்தில் இல்லை.

குழந்தை காத்திருந்தாள். கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன.

சவரிராயன் குனிந்து அவளைத் தூக்கினார். அவள் முகவாய் தன் தோளில் படும்படி, முகம் பலகையைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டார். பலகைக்கு முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்தார்.

கூட்டம் அவளைப் பார்த்தது. பலகையைப் பார்த்தது. வழி விட்டது.

சற்று தூரத்தில் அவர் முதுகில் ஒரு சின்னக் கை தட்டியது. ஒரு கண் தெரிந்திருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னும் நடந்தார். மறுபடி ஒரு தட்டு. பிறகு இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தாள். நடையை எட்டிப் போட்டார். தட்டலும் வேகமெடுத்தது.

எதிரே கூட்டம் பிளந்தது. அமலி கத்திக்கொண்டே ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் நாச்சியார், செருப்பில்லாமல்.

அம்மா கத்தியது சகாயாவுக்குக் கேட்கவில்லை. அவள் கண் பலகையிலேயே இருந்தது. அங்கே முகம் முழுசாகக் கூடியது. அவள் அவர் தோளில் துள்ளினாள்.

அந்தத் துள்ளலிலேயே அவள் முதுகுப் பக்கமிருந்து அம்மாவின் இரண்டு கைகள் வந்து அவளைப் பறித்துக்கொண்டன.